முள் போட்ட சூடு

நிஜமாகவே ஆகாயத்தில் பறந்த ராணுவ விமானக் கடிகாரம் ஒன்றைக் கையில் எடுத்தால் ஏலக்கடை மதிப்பீட்டுக்காரி தரையிலிருந்து ஒரு சாண் உயரம் எழும்புவாள். பறக்காததை எடுத்தால் எழும்பமாட்டாள். விமானியின் மணிக்கட்டில் இருந்ததானாலும் சரி, விமானத்தின் முன்பலகையிலிருந்து கழற்றியதானாலும் சரி, கணக்கு ஒன்றுதான். செருப்பு மட்டும் கீழேயே நிற்கும். சந்தோஷத்தில் இருப்பவர்களைத்தான் கால் தரையில் பாவவில்லை என்று சொல்வது வழக்கம். இவளைப் பார்த்து அப்படிச் சொன்னவர்கள் முகத்தைப் பார்க்காமல் காலை மட்டும் பார்த்தவர்கள். எழும்பியிருக்கும் நேரத்தில் அவள் முகம் கடுகடுவென்று இருக்கும், கேட்டதற்கு வெடுக்கென்று பதில் வரும். வாடிக்கையாளர்கள் முதலில் சாண் அக்கா என்றார்கள், பிறகு நாக்குக்குச் சுலபமாகச் சாணக்கா என்றார்கள். அவள் காதுபடச் சொன்னவர் ஒருவர்தான். அவர் அதன்பிறகு அந்தக் கடைக்கு வரவில்லை.

தட்டச்சு வேலைக்குத்தான் அவள் அங்கே சேர்ந்தாள். இழுத்து மூடிய விமானத்தளம் ஒன்றிலிருந்து மரப்பெட்டி வந்தது. உள்ளே இருப்பதைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். முதல் கடிகாரத்தை எடுத்ததுமே எழும்பிவிட்டாள். முதலாளி முதலில் பார்த்தது ஆளில்லாமல் நின்ற செருப்பை. "என்னம்மா, செருப்ப விட்டுட்டு எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டுவிட்டு, அண்ணாந்து பார்த்து, கதவைச் சாத்தினார். வியாபாரிக்கு ஆச்சரியம் எவ்வளவு நேரம் இருக்கும்? மறுவாரமே தட்டச்சு இயந்திரம் வேறொருவர் மேஜைக்குப் போயிற்று, அவள் மேஜைக்குப் பூதக்கண்ணாடியும் கதிர்வீச்சு அளக்கும் பெட்டியும் வந்தன.

ஆனால் "எழும்பினேன், ஆகவே அசல்" என்று அவள் ஒரு சான்றிதழிலும் எழுதியதில்லை. கால் சொல்வதைக் கண்ணும் சொல்ல வேண்டும் என்பது அவள் பிடிவாதம். பின்மூடியைத் திறந்து ராணுவ முத்திரையைப் பார்ப்பாள். பழுதுபார்த்தவர்கள் உள்பக்கம் ஊசியால் கீறிவைத்த குறிகளைப் பார்ப்பாள். சாவி கொடுக்கும் குமிழ், தடித்த கையுறை போட்ட விரலுக்கும் அகப்படும்படி பெரிதாக இருக்க வேண்டும். அந்தக் குமிழை வெளியே இழுத்தால் நொடிமுள் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், ஏனென்றால் புறப்படும்முன் எல்லா விமானிகளும் ஒரே நொடியில் மணி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. முள்ளில் பூசிய பழைய ரேடியம் இருட்டில் ஒளிராது, செத்துப்போயிருக்கும். ஆனால் கதிர்வீச்சுப் பெட்டியை அருகில் கொண்டுபோனால் பெட்டி படபடவென்று அடித்துக்கொள்ளும். பச்சைப்பசேலென்று ஒளிர்ந்து பெட்டி ஊமையாக இருந்தால், யாரோ போன மாதம் பூசியது. ஒரு கடிகாரத்தின் கூட்டுக்குள் இன்னொன்றின் இயந்திரத்தைப் போட்டு ஒப்பேற்றியிருந்தால் அதற்கு அவள் வைத்த பெயர் சம்பந்தி. "ஒண்ணா உக்காந்திருக்கும், உள்ளுக்குள்ள பேச்சுவார்த்தை இருக்காது" என்பாள். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் சம்பந்தி ஒன்றோடு வந்து உட்கார்ந்திருந்தபோது முதலாளி அவளை ஓரமாக அழைத்து, "கொஞ்சம் எக்கி நில்லுங்களேன் மேடம், யாரு குனிஞ்சு பாக்கப்போறா?" என்றார். அவள் அந்தச் சம்பந்தியை அவர் கையில் வைத்து, "நீங்களே எக்குங்க, தொப்பைக்கும் நல்லது" என்றாள். வாடிக்கையாளர் உட்பட எல்லாருக்கும் கேட்டது.

இந்தத் தொழிலில் சூடு என்று ஒரு சங்கதி உண்டு. ரேடியம் பூசிய முள் பல வருஷம் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால், அதன் கீழே டயல் மெல்லக் கருகும். முள்ளின் நீளம், அகலம் மாறாமல் பழுப்பு நிறத்தில் ஒரு நிழல் விழும். அதைத்தான் முள் சூடு போட்டிருக்கு என்பார்கள். முள்ளை நகர்த்தலாம், சூட்டை நகர்த்த முடியாது. சேகரிப்பவர்களுக்கு அதன் மேல் ஒரே பித்து. சூடு விழுந்த டயலைத் துடைப்பவனை அந்த வட்டாரத்தில் கொலைகாரனைப்போலப் பார்ப்பார்கள்.

அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். அவள் கடைக்குட்டி, அவன் தலைப்பிள்ளை, இடையில் யாரும் தங்கவில்லை. போர் முடிந்து மிச்சப்பட்ட பழைய விமானங்களை ஓட்டும் படையில் அவன் விமானி. ஒருநாள் மலைச்சரிவில் விழுந்து செத்தான். அன்று வானிலை கெட்டுக்கொண்டு வந்ததால் மூன்று மணிக்குள் எல்லா விமானங்களும் இறங்கிவிட வேண்டும் என்று உத்தரவு. விசாரணையின் முடிவு, அவனுடைய விமானம் நாலே காலுக்கு விழுந்தது என்பது. அதாவது அவன் உத்தரவைக் காற்றில் விட்டுவிட்டு, யாருக்கோ வேடிக்கை காட்ட வட்டமடித்துக்கொண்டிருந்தான் என்பது. அந்த விமானத்தின் எஞ்சின் இருமுகிறது என்று அவனே இரண்டு முறை புகார் சொல்லியிருந்தான். ஒன்றுமில்லை, ஓட்டு என்று கையெழுத்துப் போட்ட பெரிய அதிகாரி பிற்பாடு இன்னும் பெரிய அதிகாரியானார். செத்தவனுக்கு வாய் இல்லை அல்லவா? எல்லாப் பழியையும் தூக்கி அவன் தலையில் போட்டுவிட்டுக் கைகழுவிக்கொண்டார்கள்.

அப்பா தபால் ஆபீசில் தெருவாரியாகக் கடிதம் பிரிப்பவர். விசாரணை முடிவு வந்த உறையை மற்ற உறைகளோடு அவரே பிரித்துத் தம் தெருவுக்கான கடிதக் கட்டோடு வைத்தார். அரசாங்க முத்திரை இருந்தால் அவருக்கு அது வேதம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மகனுடைய படத்தைக் கழற்றினார், இனி அவன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றார், தாமும் சொல்லவில்லை. அம்மா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் சொல்லிக்கொள்வாள். அப்படியே சொல்லிக்கொண்டு செத்தும்போனாள். மகள் பள்ளிக்கூடம் போனாள், வேலைக்குப் போனாள், தலை நரைத்தது, அப்பா சக்கர நாற்காலிக்கு வந்தார், நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவர் நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் ஒருமுறை சாப்பிடும்போது அவள் வாய்தவறி அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டாள். அப்பா தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்துபோனார். அன்று அவள் அவரை வெறுத்தாள். வெறுத்துக்கொண்டே மறுநாள் அவருக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்தாள்.

படைத்துறையின் காட்சியகத்தில் இருந்த கடிகாரங்களை வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டி, அசலா என்று பார்த்துச் சொல்ல அவளை அழைத்தார்கள். காப்பாளர் கண்ணாடிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். அவள் எழும்பினாள், இறங்கினாள், எழும்பினாள், குறிப்பெடுத்துக்கொண்டாள். கடைசிப் பெட்டியில் நசுங்கிய முன்பலகைக் கடிகாரம் ஒன்று இருந்தது, நாலே காலில் நின்றிருந்தது. கீழே பெரிய எழுத்தில் "ஒழுங்கு மீறியவனின் முடிவு" என்று அட்டை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடமாம். பெயர் போட்டிருக்கவில்லை. மலையின் பெயரும் விமானத்தின் எண்ணும் இருந்தன, அவை போதும் அவளுக்கு. அவள் அதைக் கையில் எடுத்தாள். ஒரு சாண் அல்ல, நேரே கூரைக்குப் போனாள். தலை இடித்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது.

அங்கே தோளுக்கு அருகில் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே கண்ணாடிக்குள் நேர்வெளிச்சத்தில் தெரியாதது இந்தப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. நீள முள் மூன்றின் மேல் கிடந்தது. அதன் அடியிலிருந்து குட்டையாகவும் தடிமனாகவும் ஒரு பழுப்பு நிழல் பிதுங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம், ஒன்பதின் மேல், நீளமாக இன்னொரு நிழல். நிழல்கள் இரண்டும் காட்டிய மணி இரண்டே முக்கால். கடிகாரம் விழுந்த நேரத்திலேயே நின்று, ஏதோ கிடங்கின் தகரப்பெட்டியில் ஏறக்குறைய நாற்பது வருஷம் யாரும் தொடாமல் கிடந்து, தன் முகத்தில் தானே சூடு போட்டுக்கொண்டிருக்கிறது. காட்சிக்கு எடுத்தபோதுதான் யாரோ முள்ளைத் திருகியிருக்கிறார்கள். மூன்று மணி ஆகவில்லை. அண்ணன் உத்தரவுப்படி திரும்பி வந்துகொண்டிருந்தான்.

"முள்ள நகத்தினது யாரு?" என்று கூரையிலிருந்து கத்தினாள்.

"மேடம், முதல்ல இறங்குங்க" என்றார் காப்பாளர்.

"யாருன்னு கேட்டேன்!"

"நான்தான் மேடம். ஃபைல்ல நாலே கால்னு இருக்கு. கடிகாரம் வேற மணி காட்டுனா பாக்கறவங்க கேள்வி கேப்பாங்க, அதனால சரி பண்ணிடுன்னு மேலேருந்து சொன்னாங்க."

"சரி பண்ணினீங்களா? அப்போ சூட்ட மட்டும் ஏன் விட்டு வெச்சீங்க?"

காப்பாளருக்கு முகம் வாடிவிட்டது. "அதை எப்படி மேடம் தொடறது?" என்றார். "தொட்டா டயலோட மதிப்பே போயிடும். உங்களுக்குத் தெரியாததா?"

ஒரு மனிதனின் பெயரில் சேறு பூசக் கை கூசவில்லை. டயலில் இருந்த கறையைத் துடைக்கக் கூசியிருக்கிறது. தொழில் தெரிந்தவர், அந்தத் தொழில்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. "இந்த டயலுக்கு இருக்கற சூடு உங்க யாருக்கும் இல்லையேய்யா!" என்று அவள் போட்ட சத்தத்தில் டிக்கெட் கொடுப்பவர் எழுந்து ஓடிவந்தார். முள்ளைப் பழைய இடத்தில் வைத்து, அட்டையையும் எடுத்தால்தான் இறங்குவேன் என்றாள். காப்பாளர் ஏணியைக் கொண்டுவந்தார், அவள் காலால் தள்ளிவிட்டாள். துறையின் அதிகாரிகள் வந்து வரிசையாக அண்ணாந்து நின்றார்கள். இதற்கு ஒரு குழு அமைக்க வேண்டும், குழு அமைக்க ஓர் ஆணை வேண்டும் என்று விளக்கினார்கள். கழுத்து வலித்ததும் முறைவைத்துக்கொண்டு அண்ணாந்தார்கள். கடைசியில் ஒருவருக்கு மூளை வேலை செய்தது: பெற்றவர் சொன்னால் கேட்பாள்.

மறுநாள் காலை அப்பாவை நாற்காலியோடு வண்டியில் ஏற்றி அழைத்துவந்தார்கள். தொண்ணூறை நெருங்கிய மனிதர். மடியில் போர்வை, காதில் கருவி. கூரையில் மகளைப் பார்த்தும் அவர் ஆச்சரியப்படவில்லை.

"என்னம்மா அது?"

"அண்ணனோட கடிகாரம். ரெண்டே முக்காலுக்கு நின்னிருக்கு. நகத்தியிருக்காங்க."

அவர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டார். பிறகு கையை நீட்டினார். "குடும்மா. நான் பாக்கணும்."

"இப்ப எதுக்கு? நீங்கதான் காகிதத்தப் பாத்துட்டீங்களே! காகிதம் சொன்னதும் படத்தக் கழட்டினீங்களே! அம்மா குழாயத் தொறந்துவிட்டுட்டு அழுதாளே, அப்ப பாத்தீங்களா?" நாற்பது வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை அதிகாரிகள், காப்பாளர், டிக்கெட் கொடுப்பவர் என்று எல்லார் தலைமீதும் கொட்டினாள். கண்ணீர் கூரையிலிருந்து சொட்டி அவர் வழுக்கைத் தலையில் விழுந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"பாக்கலம்மா" என்றார். "குடு."

கடிகாரத்தைக் கீழே போடுவது அந்தத் தொழிலில் நினைத்தும் பார்க்கக்கூடாத காரியம். அவள் போட்டாள். நாற்பது வருஷம் கடிதம் பிரித்த கை அதைத் தவறவிடாமல் பிடித்தது. அதே நொடியில் மகள் காப்பாளர் மேல் விழுந்தாள், அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்தது. போர்வை நழுவ, நாற்காலி கீழேயே நிற்க, அப்பா மெல்ல எழும்பிக் கூரைக்குப் போய்ச் சேர்ந்தார். மழையில் கரைந்த விலாசங்களையே படித்துப் பழகிய கண் அது. டயலைக் குழல்விளக்குக்குக் காட்டிச் சாய்த்துப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். பிறகு மகனின் பெயரைச் சொன்னார். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை அறையில் இருந்தவர்களுக்குக் கேட்டது. மூன்றாவது தடவை தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அதன்பிறகு அவர் இறங்கவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று, காட்சியகம் வழக்கம்போலத் திறந்தது, மூடியது. துறை எந்த ஆணையும் அனுப்பவில்லை. முள்ளைத் தொடக் கூடாது என்று மட்டும் ஓர் ஆணை அனுப்பியது. சாப்பாடும் மாத்திரையும் ஏணியில் போயின, சவரக்கத்தியும் போயிற்று. மற்ற காரியங்களுக்கும் ஏற்பாடு இருந்தது, அதை விவரமாகக் கேட்பவர்களுக்கு இங்கிதம் போதாது. பார்வையாளர்கள் வரும்போதெல்லாம் அவர் மகனின் பெயரைச் சொல்லி, இரண்டே முக்கால் என்றும் சொல்வார். பள்ளிப் பிள்ளைகள் அதைப் பாட்டாக்கிப் பேருந்தில் பாடிக்கொண்டு போனார்கள். மகள் வேலை முடிந்து தினமும் வந்து கீழே நிற்பாள். கோபம் தீர்ந்ததா என்று கேட்டவர்களிடம், "அவர் மேலயா, இவங்க மேலயா? ரெண்டும் தீரல" என்றாள். அப்பாவிடமும் அதையே சொன்னாள். அவர் மேலிருந்து, "தீர வேணாம்மா, வெச்சுக்கோ" என்றார்.

கடைசியில் இளகியது காப்பாளர்தான். மனசாட்சி என்று அவரே சொல்லிக்கொண்டார். அவர் மனைவி சொன்னது வேறு: பகலெல்லாம் கேட்ட பெயரை அவர் தூக்கத்தில் சொல்லத் தொடங்கினார், யார் அந்த ஆள், எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறீர்கள் என்று அவள் குடைந்தெடுத்தாள். ஒரு மத்தியான வேளையில், பார்வையாளர்கள் நிறைந்திருக்க, அவர் தம் கருவிப்பையோடு ஏணியில் ஏறினார். கிழவர் கடிகாரத்தை விடாமல் பிடித்துக்கொள்ள, காப்பாளர் கண்ணாடி மூடியைக் கழற்றி, முட்களை ஒவ்வொன்றாகத் திருகி அதனதன் சூட்டின் மேல் படுக்கவைத்தார். இம்மிகூடப் பிசகாமல் பொருந்தின. அப்பா கூரையைவிட்டு மெதுவாக இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றார். அதற்குக் கீழே இறங்கவில்லை. கடிகாரம் அசல், அதற்கு மேல் என்ன சொல்ல? அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. மகள் அவருடைய முழங்கையைப் பிடித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதுபோலச் சாலை வழியே வீட்டுக்கு அழைத்துப்போனாள்.

துறை சும்மா விடுமா? அரசாங்கச் சொத்தைப் பறிமுதல் செய்ய மூன்று பேரைக் கோப்போடு அனுப்பியது. அவர்கள் வாசலில் நின்று கோப்பைப் படித்தார்கள்: காணாமல்போன கடிகாரம் நாலே காலில் நின்றிருக்கும். கிழவர் கையிலிருந்ததைப் பார்த்தார்கள்: இரண்டே முக்கால். இதுதான் அது என்று எழுதினால் முள் நகர்த்தப்பட்டதையும் எழுத வேண்டும். அவர்கள் தமக்குள் கிசுகிசுத்தார்கள், தொலைபேசியில் கேட்டார்கள். பிறகு, "இது எங்களது இல்லைங்க" என்று அப்பாவுக்கே எழுதிக்கொடுத்துவிட்டு, மகள் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் போனார்கள். காலியான கண்ணாடிப் பெட்டியில் துறை வேறொரு கடிகாரத்தை நாலே காலில் நிறுத்திவைத்து, சான்றிதழுக்கு அவளையே அழைத்தது. அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது! அவள் போனாள். அந்தச் சம்பந்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, வந்திருந்தவர்கள் எல்லாரும் அவள் பாதத்தைப் பார்த்து முடிக்கும்வரை, தரையில் அழுந்த நின்றாள். சில மாதத்தில் அந்தப் பெட்டியும் அட்டையும் சத்தமில்லாமல் அகற்றப்பட்டன. மன்னிப்பு என்று ஒரு வரி, ஓர் அஞ்சலட்டை, எதுவும் வரவில்லை. கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பெயரில் இன்னும் ஒரு சாலை இருக்கிறது.

அப்பா இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறார், கடிகாரத்தைக் கையிலிருந்து கீழே வைப்பதில்லை. நிலைவாசல் தலையில் இடிக்கிறது என்று தச்சரை அழைத்து வாசலின் மேல்சட்டத்தை உயர்த்திவிட்டார்கள். தினமும் மத்தியானம் அவர் மிதந்து வந்து வாசலில் நின்று, விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல மகனின் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுகிறார். முதல் நாள் அதைக் கேட்டு மகள் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து, "அவன் இல்லப்பா" என்றாள். "தெரியும்மா" என்றார். "இத்தனை வருஷம் கூப்பிடாம விட்டுட்டேன்ல." அவள் உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறக்கவில்லை. தெருக்காரர்கள் முதலில் தூக்கம் கெடுகிறது என்று முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். எதிர்வீட்டில் கடிகாரம் நின்றுபோனால் இப்போது யாரும் மணி தெரிய வானொலியைப் போடுவதில்லை. கிழவர் கூப்பிடும் குரல் வரும்வரை காத்திருந்து, இரண்டே முக்கால் என்று வைத்துக்கொள்கிறார்கள்.